கொம்பிலிருந்து வளைக்கு: ஒரு கடற்கரை வண்டு ஆய்வின் வரலாறு

வட ஐரோப்பாவின் உவர்ச் சதுப்புக் கரைகளில் ஓதம் வடிந்தபின், சேற்றில் சிறு துளைகளும் அவற்றின் வாயில் மண்குவியல்களும் தெரியும். உள்ளே குடியிருப்பது பிளீடியஸ் ஸ்பெக்டாபிலிஸ் என்னும் வண்டு. அதன் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. காற்றைச் சுவாசிக்கும் பூச்சி, கடல்நீர் ஏறி மூடும் நிலத்தில் எப்படிக் குஞ்சு வளர்க்கிறது? இந்தக் கேள்வி எழவே நெடுங்காலம் பிடித்தது. அறிவியலின் கண்ணில் முதலில் பட்டது ஆண்வண்டின் கொம்புதான்.

இந்த இனத்துக்கு 1857இல் பெயரிட்டவர் ஜெர்மானியப் பூச்சியியலாளர் குஸ்தாவ் கிராட்ஸ். 1871இல் டார்வின் தம் ‘மனிதனின் தோற்றம்’ நூலில் இதன் உறவினமான பிளீடியஸ் டாரஸைப் படத்துடன் காட்டினார். ஒரே இடத்து ஆண்களில் சிலவற்றுக்கு மார்புக் கொம்பு நீண்டும் தலைக்கொம்புகள் குன்றியும், வேறு சிலவற்றுக்கு நேர்மாறாகவும் இருப்பதைப் பூச்சியியலாளர் வெஸ்ட்வுட் கவனித்திருந்தார். அதை டார்வின் பாலினத் தேர்வு விவாதத்தில் சேர்த்தார். பெட்டியில் ஊசி குத்தி வைத்த வண்டு இவ்வளவையே சொல்ல முடியும். அதற்கு வளை இல்லை, ஓதமும் இல்லை.

வண்டை அதன் சேற்றிலேயே வைத்துப் படித்தவர் டென்மார்க்கின் எல்லினோர் புரோ லார்சன். மேற்கு யூட்லாந்தின் ஸ்கல்லிங்கன் தீபகற்பத்தில் வளை தோண்டும் வண்டுகளைப் பற்றிய அவரது ஆய்வு 1936இல் வெளியானது. உப்பையும் ஓதத்தையும் இவை சமாளிக்கும் விதத்தையும் குஞ்சுப் பராமரிப்பையும் இணைத்து 1952இல் அவர் மீண்டும் எழுதினார். தாய்வண்டு பக்க அறைகளில் முட்டையிடுகிறது. சேற்றின் மேல் படரும் நுண்பாசியைக் குடும்பத்துக்குக் கொண்டுவருகிறது. கொம்பில்லாத பெண்வண்டு இப்படித்தான் ஆய்வின் நடுவிடத்துக்கு வந்தது.

உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1975இல் ‘சோஷியோபயாலஜி’ நூலில் இவ்வண்டை எடுத்துக்காட்டினார். கடுமையான சூழலே தாயைக் குஞ்சுகளோடு இருத்திவைக்கிறது என்பது அவர் வாதம்.

அந்த வாதத்துக்கு அளவுகளும் சோதனைகளும் தந்தவர் உயிரியலாளர் டிரிஸ்ட்ராம் வையாட். 1986இல் வெளியான அவரது கட்டுரையின்படி, வளை போத்தல் வடிவிலானது: அறையின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர், கழுத்து 2 மில்லிமீட்டர். கழுத்து இவ்வளவு குறுகியிருப்பதால் உள்ளிருக்கும் காற்று வெளியேறாது, நீரும் எளிதில் இறங்காது. தாய் சேற்றால் வாயை அடைக்கவும் செய்கிறது. ஓதம் வடிந்ததும் அடைப்பைத் திறந்து காற்றோட்டம் தருவதும் அதன் வேலையே. ஈரச்சேற்றில் பிராணவாயு அரிது என்பதால், தாயில்லாத வளையில் குஞ்சுகள் வெள்ளத்தாலோ மூச்சுத்திணறியோ மடியும்.

கதை அதோடு நிற்கவில்லை. வையாட்டும் வில்லியம் ஃபாஸ்டரும் 1989இல் வெளியிட்ட ஆய்வுகள் பகைவர்களின் பக்கம் திரும்பின. பாரிக்னெமிஸ் பிளீடியேட்டர் என்னும் ஒட்டுண்ணிக் குளவி இளம்புழுக்களைத் தேடிவருகிறது. டைகைரோட்ரைக்கஸ் என்னும் வேட்டை வண்டும் உண்டு. இவற்றை எதிர்த்துத் தாய் காவல் நிற்கிறது. ஆக, வில்சன் சொன்ன சூழல் நெருக்கடி பாதி விடைதான். வளையின் வடிவத்தையும் இடைவிடாத பராமரிப்பையும் ஓதம் விளக்குகிறது. வாசலில் தாய் நிற்பதற்குக் காரணம் பகைவர்கள். இளம்புழுக்கள் முதல் பருவத்திலேயே வெளியேறித் தங்களுக்கெனத் தனி வளை தோண்டுகின்றன. அந்த இடைவெளியில் வேட்டை வண்டிடம் அகப்படும் அபாயம் மிகுதி; வீட்டை விட்டுப் போகும் நேரமும் இதனால் ஓர் ஆய்வுப் பொருளாயிற்று.