கும்பிடும் ராஜாவும் கல்லில் ஒரு தொப்பையும்

1/ மதுரைக்காரங்களுக்கு புதுமண்டபத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மீனாட்சி அம்மன் கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதிரே. புத்தகம், பாத்திரம், தையல்னு எதுக்காவது ஒரு தடவை போயிருப்போம். ஆனா அங்க தூணில் நிற்கிற திருமலை நாயக்கரை எத்தனை பேர் நின்னு பார்த்திருக்கோம்?

2/ 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். வசந்த விழாவுக்காக இந்த மண்டபத்தைக் கட்டினதும் அவர்தான். முன்னோர்களோட சேர்த்து 10 நாயக்க மன்னர்களின் உருவங்களை இங்கே செதுக்க வைத்தார். அதில் இவருக்கு தலைக்கு மேல விதானம். பக்கத்தில், அவரைவிட சின்ன உருவமா மனைவிகள். யார் பெரியவர்னு அளவே சொல்லிடுது.

3/ டாக்டர் கண்ணுக்கு முதல்ல படுறது தொப்பை. இன்னைக்கு இப்படி ஒருத்தர் ஓபிக்கு வந்தா இடுப்பளவு, சுகர், பிபி பார்ப்பேன். அன்னைக்கு அதன் அர்த்தம் வேற. மழை பொய்த்தா பஞ்சம் வருகிற ஊரில், நிறைந்த வயிறுதான் செல்வாக்கு. அதனால சிற்பி அதை மறைக்கலை, எடுத்துக் காட்டினார்.

4/ ராஜாவும் ஒரு பேஷன்ட்தான்! தீராத மண்டைச்சளியோட திருச்சியில் இருந்து மதுரைக்கு வர்ற வழியில, திண்டுக்கல்லில் கனவில் மீனாட்சியும் சொக்கநாதரும் வந்து குணமாக்கினாங்க, நன்றிக்கு மதுரையிலேயே தங்கி திருப்பணி செஞ்சார்னு ஒரு கதை உண்டு. மெடிக்கல் ரெக்கார்டு இல்லைங்க, கதைதான். ஆனா அந்தக் கூப்பிய கைக்கு அது ஒரு விளக்கம்.

5/ பார்த்தா பணிவு. ஆனா யோசிங்க. சாமி எழுந்தருளும் இடத்தில் வருஷம் முழுக்க நிற்க யாருக்கு இடம் கிடைக்கும்? நாம கும்பிட்டுட்டு நகரணும். அவர் நகரவே வேண்டாம். "நான் தலை வணங்குறது கடவுளுக்கு மட்டும்தான்"னு அந்தக் கை சொல்லுது. அந்தக் கல்லைச் செதுக்கினவங்களுக்கோ, அதுக்கு வரி கட்டின விவசாயிக்கோ அங்க ஒரு தூண் கிடையாது.

6/ வெளியே வந்தா தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர். நடுவில் பெரிய உருவம், பக்கத்தில் சின்னச் சின்ன முகங்கள், அதே கூப்பிய கை. கல் போய் பிளாஸ்டிக் வந்திருக்கு, அவ்வளவுதான். அடுத்த தடவை ஒரு கும்பிடைப் பார்த்தா, அது யாரை நோக்கி, யார் செலவில்னு ஒரு நிமிஷம் பாருங்க.