குவாண்ட் நேர்காணல் புதிர்கள்

குவாண்ட் நேர்காணல் புதிர்கள் என்பவை, பங்கு, பத்திரம், நாணய வணிகத்தைக் கணித மாதிரிகளைக் கொண்டு நடத்தும் நிறுவனங்கள் ஆளெடுக்கும்போது கேட்கும் நிகழ்தகவு, எண்ணியல், தருக்கக் கணக்குகள். நியூயார்க், லண்டன், சிங்கப்பூர் நகரங்களிலும், இந்தியாவில் மும்பை, குருகிராம், பெங்களூரு நகரங்களிலும் இத்தகைய வேலைகள் மிகுதி. பெரும்பாலான புதிர்களுக்குக் கல்லூரி முதலாண்டுக் கணிதமே போதும். கடினம் வேறிடத்தில் இருக்கிறது: விடை சொன்ன மறு நொடியே கேள்வி மாறும். ஒரு விடையை மட்டும் வைத்திருப்பவர் அங்கே நின்றுவிடுவார். வழியை வைத்திருப்பவர் மேலே போவார்.

தென்மாவட்டத் திண்ணைகளில் ஆடப்படும் தாயத்தையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள், 1, 2, 3, ஒரு வெறுமை. இரண்டையும் உருட்டினால் சம வாய்ப்புள்ள 16 நிகழ்வுகள். ஒரு கட்டை வெறுமை, மற்றது 1 என விழுந்தால் தாயம். அதற்கு இரண்டு வழிகள், ஆகவே நிகழ்தகவு 1/8. ஆட்டத்தில் காய் இறக்கத் தாயம் வேண்டும் என்பதால், சராசரியாக எட்டாவது உருட்டலில்தான் விளையாட்டே தொடங்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற விதியில் அதற்கான வழிகள் 2+2+1+1, அதாவது 6/16. இனி நேர்காணலுக்கு ஏற்ற கேள்வி: ஒருவர் தம் முறையில் சராசரியாக எவ்வளவு எண்ணிக்கை சேர்ப்பார்?

எல்லா வரிசைகளையும் எழுதிக் கூட்ட முற்பட்டால் முடிவே வராது. ஓர் உருட்டலின் சராசரி மட்டும் போதும். சாதாரணமாகக் கூட்டினால் 3; இரட்டை வெறுமைக்கு 12 தருவதால் 12/16 சேர்ந்து 3.75 ஆகும். முறையின் மொத்தச் சராசரி E என்றால், முதல் உருட்டல் 3.75 தருகிறது, 3/8 வாய்ப்பில் ஆட்டம் புதிதாகத் தொடங்குகிறது: E = 3.75 + (3/8)E. விடை சரியாக 6. அடுத்து, “இந்த முறையை நான் என்ன விலைக்கு வாங்கலாம், என்ன விலைக்கு விற்கலாம்?” என்று கேட்பார்கள். 5.50க்கு வாங்குவேன், 6.50க்கு விற்பேன் என்பது நியாயமான பதில். தொடர்ந்து மூன்று முறை ஒரே எண் விழுந்தால் கணக்கு ரத்து என்று சில ஊர்களில் உள்ள விதியைச் சேர்த்தால் அந்த விலை குறைய வேண்டும். எவ்வளவு குறையும் என்பதுதான் மூன்றாம் கேள்வி.

நாணயப் புதிரும் இதே குடும்பம். பூவுக்கு அடுத்துத் தலை விழச் சராசரியாக 4 சுண்டல்கள். பூவுக்கு அடுத்துப் பூ விழ 6. இரண்டும் சமம் என்று நினைப்பது இயல்பு. முதலாவதில், தலைக்குக் காத்திருக்கையில் பூ விழுந்தாலும் நஷ்டமில்லை, கையில் ஒரு பூ இருக்கவே செய்கிறது. இரண்டாவதில் தலை விழுந்தால் மொத்தமும் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புதிருக்கு வழியால் விடை சொன்ன புகழ்பெற்ற நிகழ்ச்சி, ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசனைச் சேர்ந்தது. 1914 டிசம்பரில் லண்டன் ‘ஸ்டிராண்ட்’ இதழில் வந்த ஒரு புதிரைக் கேம்பிரிட்ஜில் பி. சி. மகாலனோபிஸ் அவருக்கு வாசித்துக் காட்டினார். ஒரு தெருவில் 1 முதல் வரிசையாக எண்ணிட்ட வீடுகள். ஒரு வீட்டின் இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? மகாலனோபிஸ் முயன்று பார்த்து விடையைப் பிடித்திருந்தார்: 288 வீடுகள், எண் 204. அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுசனோ ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதிலிருந்து 8 வீடுகளில் 6, 49 வீடுகளில் 35, 288இல் 204, 1681இல் 1189 என முடிவில்லாமல் விடைகள் வரும். 577² − 8×204² = 1 என்ற சமன்பாடு இதன் உள்ளே இருக்கிறது; எல்லையை மாற்றிக் கேட்டாலும் அவர் தடுமாற வேண்டியதில்லை. மகாலனோபிஸ் 1931இல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில்தான், பின்னாளில் நிகழ்தகவுக்காக 2007இல் ஏபெல் பரிசு பெற்ற சென்னைக்காரர் எஸ். ஆர். எஸ். வரதன் முனைவர் பட்டம் பெற்றார்.

பயிற்சிக்குப் புத்தகங்கள் உண்டு. ஃபிரெடெரிக் மாஸ்டெல்லர் 1965இல் வெளியிட்ட ஐம்பது நிகழ்தகவுக் கணக்குகளின் தொகுப்பு இன்றும் முதலில் படிக்கத் தக்கது. நேர்காணலுக்கென்றே வந்த பிற்காலத் தொகுதிகள் பயன்படும், ஆனால் அவற்றை மனப்பாடம் செய்பவர்கள் பெருகிவிட்டதால் கேள்வி கேட்பவர்கள் தெரிந்த புதிரையே சற்றுத் திருகிக் கேட்கிறார்கள்.

திருகலுக்கு எடுத்துக்காட்டு, விமான இருக்கைப் புதிர். அதை வாசுதேவநல்லூர் வழியாகச் செல்லும் தென்காசி–மதுரைச் சாலையில் ஓடும் ஒரு முன்பதிவுப் பேருந்துக்கு மாற்றுவோம். 40 இருக்கைகள், 40 பயணிகள். முதலில் ஏறுபவர் சீட்டைப் பார்க்காமல் எங்கோ உட்கார்ந்துவிடுகிறார். பின்னால் ஏறுபவர்கள் தங்கள் இடம் காலியாக இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு காலியிடத்திலும் அமர்கிறார்கள். கடைசிப் பயணிக்குத் தன் இடம் கிடைக்கும் வாய்ப்பு 1/2. இறுதியில் எஞ்சக்கூடியவை முதலாமவர் இடமும் கடைசிப் பயணியின் இடமும் மட்டுமே. இடம் தேடியவர் எவருக்கும் இவ்விரண்டில் ஒன்றின்மேல் தனிச்சாய்வு கிடையாது. இருக்கைகள் 400 ஆனாலும் இதே விடை. கடைசிக்கு முந்தையவருக்கு என்றால் 2/3, அவருக்கும் முந்தையவருக்கு 3/4.