கங்காணி போய் ஏஜெண்டு வந்தார் டும் டும் டும்

போன வாரம் ஊருக்கு, அதாங்க நம்ம திட்டக்குடிக்குப் போயிருந்தேன். சித்தப்பா பையன் ஐ.டி.ஐ. முடிச்ச வெல்டர். "அண்ணே, கனடாவுல ஆள் பத்தலையாம். கம்பெனியே கூப்பிடுதாம்"னு ஒரு கடுதாசிய நீட்டினான். ஏஜெண்டுக்கு நாலரை லட்சம். சித்தப்பா அரைக்காணி நிலத்தை அடமானம் வைக்கத் தயாரா இருக்கார். "நீதான் நாலு புஸ்தகம் படிக்கிறவனாச்சே, பாத்துச் சொல்லுடா"ன்னு என் தலையில கட்டிட்டார்.

படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது கங்காணி.

முதலாளி ஆள் கேட்டு, ஊருக்கே வந்து கூட்டிட்டுப் போறது ஒண்ணும் புதுசு இல்லைங்க. நம்ம பக்கம் தென்னாற்காடு ஜில்லாவா இருந்த காலத்துலயே திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்களோட சேர்ந்து இங்கேருந்தும் மலாயாவுக்கு ஆள் போச்சு. காப்பி, தேயிலை, ரப்பர்னு தோட்டம் போட்ட துரைமாருக்கு அங்க ஆள் கிடைக்கல. தோட்டத்துல வேலை பார்த்த ஒருத்தரையே கங்காணியாக்கி சொந்த ஊருக்கு அனுப்பினாங்க. வர்றது மாமனோ மச்சானோ, தெரிஞ்ச முகம். நம்பாம இருப்பாங்களா? கூட்டிட்டுப் போன ஆளுங்க வேலைக்கு வர்ற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு.

சிக்கல் கடன்லதான். இலங்கையில கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு எல்லாம் தொழிலாளி கணக்குல ஏறும். வேற தோட்டத்துக்குப் போகணும்னா "துண்டு"ன்னு ஒரு சீட்டு வேணும். அதுல அவன் கடன் எவ்வளவுன்னு இருக்கும். அதைக் கட்டுற தோட்டம் அவனை எடுத்துக்கலாம். ஆளை விக்கிற மாதிரிதானே? இந்தத் துண்டு முறையை 1921லதான் சட்டம் போட்டு ஒழிச்சாங்க.

மலாயாவுல கொஞ்சம் வேற மாதிரி. அங்க 1907ல தமிழர் குடியேற்ற நிதின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஆள் கூட்டி வந்த தோட்டம் மட்டும் இல்ல, இந்தியத் தொழிலாளிய வேலைக்கு வச்சிருக்கிற எல்லா முதலாளியும் அதுக்குப் பணம் கட்டணும். நாகப்பட்டினத்துலயும் சென்னையிலயும் கப்பல் ஏறுறவங்களுக்கு அதுலேருந்துதான் செலவு. வந்து இறங்குறவன் தலையில பயணக் கடன் கிடையாது. 1910ல ஒப்பந்தக் கூலி முறையும் நின்னு போச்சு.

அதுக்காக அது சொர்க்கம்னு சொல்ல வரல. 1930ல ரப்பர் விலை விழுந்ததும் லட்சத்துக்கும் மேல ஆளுங்களைத் திருப்பி அனுப்பினாங்க. 1938ல நாள் கூலிய 50 சென்ட்லேருந்து 45 ஆக்கினாங்க. கடுப்பான இந்திய அரசாங்கம் அந்த வருஷமே உதவிப் பணத்துல ஆள் போறதைத் தடை பண்ணிடுச்சு. கங்காணி காலம் அதோட முடிஞ்சுது.

சரி, நம்ம வெல்டர் மேட்டருக்கு வருவோம். கனடாவோட கிழக்கு ஓரத்துல நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் உட்பட நாலு மாகாணம் இருக்கு. வயசானவங்க அதிகம், வேலைக்கு ஆள் குறைவு. அதுக்காக 2017ல சோதனையா ஆரம்பிச்ச அட்லாண்டிக் குடியேற்றத் திட்டம், 2022ல நிரந்தரம் ஆச்சு. மாகாணம் அங்கீகரிச்ச முதலாளி வேலை தரணும். நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்துட்டா அதே முதலாளிகிட்டயே கிடக்கணும்னு இல்ல. துண்டுச் சீட்டு இல்லாத கங்காணின்னு வச்சுக்கோங்களேன் :-)

திட்டம் நிஜம்தான். ஆனா நாலரை லட்சம்? இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். நூறு வருஷத்துக்கு முன்னாடி ரப்பர்த் தோட்டத்துக்காரனே கப்பல் செலவு கட்டினான். இப்போ ஆள் வேணும்னு கேக்குறது அவங்க, நிலத்தை அடமானம் வைக்கிறது நாமளா?

சித்தப்பாகிட்ட இதைத்தான் சொன்னேன். ஏஜெண்டோட பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்துல பாருங்க, கம்பெனி பேரு அந்த மாகாணத்தோட பட்டியல்ல இருக்கான்னு பாருங்க, அதுவரைக்கும் பத்திரத்தை வெளிய எடுக்காதீங்கன்னு. தம்பிக்கு என் மேல செம கோவம். ரெண்டு நாளா போனை எடுக்கல.

உங்க வீட்டுலயும் கங்காணி கதை இருக்கும். எழுதுங்க மக்களே.