தோட்டத்து முதியோரும் நிருவாகப் பரவலாக்கமும்

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், முதுமை என்பது ஒருவரின் பெயர் செக்ரோலிலிருந்து நீங்கும் நாளிலேயே தொடங்கிற்று. பிரட்டுக்களத்திற்கு இனிச் செல்லவேண்டியதில்லை. ஆயினும் லயத்துக் காம்பரா தோட்டத்துக்கே உரியது. உழைப்பு முடிந்தபின் அம்மனிதனைப் பேணும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவுக்கு இலங்கையின் நிருவாக வரலாறு காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகளைக் கூறிவந்துள்ளது.

சமூக சேவைத் திணைக்களம் 1948ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய பிரசாவுரிமைச் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. இவ்விரண்டும் ஒரே ஆண்டின் விளைவுகள் என்பதை நலன்புரி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தோட்டத்தவரைத் தோட்டமே பார்த்துக்கொள்ளும் என்பது அக்கால நிருவாகத்தின் எண்ணமாயிருந்தது. 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், 1983இன் பணிக்கொடைச் சட்டமும் தொழிலாளருக்கு ஓரளவு பாதுகாப்பளித்தன என்பது உண்மை. ஆனால் அவை மொத்தமாகக் கையளிக்கப்படும் தொகைகளேயன்றி மாதந்தோறும் வரும் ஓய்வூதியமல்ல. பெண் தொழிலாளி ஐம்பது வயதிலும் ஆண் ஐம்பத்தைந்து வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். மகளின் திருமணத்திலோ பழங்கடனிலோ அத்தொகை கரைந்தபின் எஞ்சும் ஆண்டுகளுக்கு அச்சட்டங்களில் இடமில்லை.

1987இன் பதின்மூன்றாவது திருத்தம் சமூக சேவையை மாகாண சபைகளின் நிரலிற் சேர்த்தது. அதன்படி மத்திய மாகாணமும் தனக்கென ஒரு சமூக சேவைத் திணைக்களத்தைப் பெற்றது. எனினும் மாற்றத்தின் முழுப்பொருளை 1992ஆம் ஆண்டிலேயே காணமுடியும். அவ்வாண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரிடமிருந்த அதிகாரங்களைப் பிரதேச செயலாளரிடம் ஒப்படைத்தது. கச்சேரிக்குச் சென்ற விண்ணப்பம் இனிப் பிரதேச செயலகத்தோடு நின்றது. அதே ஆண்டில், 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. அரசு கீழிறங்கி வந்த வேளையில் தோட்டம் கைமாறிற்று. இரண்டிற்கும் நடுவே கிழவர் நின்றனர்.

பிரதேச செயலகத்தின் அலகு கிராம அலுவலர் பிரிவு. கிராமத்தை மனத்திற்கொண்டு அமைந்த இவ்வலகு தோட்டத்துக்குப் பொருந்துவதாயில்லை. நாடெங்கும் ஒரு பிரதேச செயலகப் பிரிவின் சராசரி மக்கட்டொகை ஏறத்தாழ 60,000 ஆயிருக்க, 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். அலுவலகத்தை மக்களுக்கு அண்மையாக்குவதே பரவலாக்கத்தின் நோக்கம் எனின், மஸ்கெலியாவின் மேட்டு லயத்திலிருந்து கினிகத்தேனைக்குச் செல்லவேண்டிய மூதாட்டிக்கு அது எவ்வகையில் அண்மையாயிற்று? அன்று அவளுக்குத் துணைசெல்லும் மகளின் நாட்சம்பளமும் போய்விடும். 1999இல் இம்மாவட்டப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டமை நற்செய்தியே. ஆயினும் அறிவித்தல் வேறு, தமிழில் விளக்கம் கூறும் உத்தியோகத்தர் மேசையில் அமர்ந்திருத்தல் வேறு.

பிரதேச சபைகளின் கதை இதனினும் கசப்பானது. 1987இன் 15ஆம் இலக்கச் சட்டத்தின் அமைப்பு, தோட்டங்களுக்குள் சபைநிதி செலவிடப்படுவதற்குத் தடையாயிருந்தது. தோட்டத்தவரின் வாக்கைப் பெற்றுச் சபையில் அமர்ந்தவர், அத்தோட்டத்து முதியவருக்கு ஒரு நடைபாதைதானும் அமைத்துக்கொடுக்க இயலாதிருந்தார். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே இத்தடை தளர்ந்தது. அதற்குச் சற்று முன்னர் அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றுக்கும் தனிச்சபைகள் கிடைத்தன.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையை உருவாக்கியது. கிராமத்திலிருந்து மாகாணம்வரை முதியோர் குழுக்கள் அமைக்கப்பட்டன. பின்னர், எழுபது வயதைக் கடந்த வறியோருக்கு மாதக் கொடுப்பனவு வழங்கப்பட்டபோது தோட்டத்தில் எழுந்த முதற்சிக்கல் வறுமையை நிறுவுவதன்று, வயதை நிறுவுவதே. பிறப்புச் சான்றிதழ் இன்றியே பிறந்து வளர்ந்த தலைமுறை அது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனமையால் வாக்காளர் இடாப்பும் அவர்களுக்குச் சான்றாகவில்லை. தேசிய அடையாள அட்டையை முதுமையிற் பெற்றோரும் பலர்.

2018இல் மத்திய மாகாண சபையின் காலம் முடிவுற்றபின் பல்லாண்டுகள் தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே மாகாண நிருவாகம் நடந்தது. 2023இல் அஸ்வெசும திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பயனாளியைத் தெரிவுசெய்யும் அளவுகோல்களை வகுக்கும் பொறுப்பு கொழும்பிலுள்ள நலன்புரி நன்மைகள் சபைக்குச் சென்றது. 1987இல் மாகாணத்துக்கு இறங்கிய துறையின் ஒரு பகுதி இவ்வாறு மீண்டும் மத்திக்கு ஏறியது. தகவல் திரட்டுவதும் மேன்முறையீட்டைப் பெறுவதும் மட்டும் பிரதேச செயலகத்திலேயே நிகழ்ந்தன. ஆதலின் லயத்திலிருந்து முதியவர் ஏறவேண்டிய பேருந்து மாறவில்லை.