வியாழக்கிழமைப் பாடகர்கள்

அமெரிக்காவின் மண்சார்ந்த இசை என்றதும் நம் மனம் மிஸிஸிப்பிப் படுகையின் பருத்திக் காடுகளுக்கும் அப்பலாச்சிய மலைச்சரிவின் மரக்குடில்களுக்கும் போய்விடுகிறது. வாஷிங்டனுக்குப் போவதில்லை. அரசாணைகளும் கோப்புகளும் குமாஸ்தாக்களும் நிறைந்த அந்நகரத்தில் எந்த நாட்டார் இசை வேர்பிடித்துவிட முடியும்? ஆனால் 1950கள் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்நகரமும் அதன் புறநகரங்களும் ப்ளூகிராஸ் இசையின் தலைநகரமாகவும் இருந்தன. அந்தக் கதையின் நடுநாயகமாக நிற்கும் 'செல்டம் சீன்' குழுவைப் பற்றி எழுதும்போது, கலைக்கும் பிழைப்புக்கும் இடையிலான பழைய வழக்கொன்றையும் நாம் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

ப்ளூகிராஸ் பழமையான இசை என்ற எண்ணம் பரவலாக உண்டு. உண்மையில் அது வானொலிக் காலத்துக் குழந்தை. கென்டக்கிக்காரரான பில் மன்றோ தன் சொந்த மாநிலத்தின் செல்லப்பெயரைச் சூட்டி 'ப்ளூகிராஸ் பாய்ஸ்' என்ற குழுவை நடத்திவந்தார். 1945இன் இறுதியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர், மூன்று விரல்களால் மீட்டும் தன் பான்ஜோவுடன் அதில் சேர்ந்தபோதுதான் இன்று நாம் அறியும் ஒலி பிறந்தது. மாண்டலின், பான்ஜோ, பிடில், கிடார், டபுள் பாஸ் ஆகியவை முறைவைத்து முன்வந்து வாசித்துப் பின்வாங்கும். குரல்களும் அப்படியே அடுக்கடுக்காய் ஏறும். மின்கருவி கிடையாது.

இந்த இசை வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் வந்தது வயிற்றுப்பாட்டினால். பொருளாதாரப் பெருமந்தமும் அதைத் தொடர்ந்த இரண்டாம் உலகப்போரும் வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, வட கரோலினா மலைப்பகுதிகளிலிருந்து மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்தெறிந்தன. கப்பல் கட்டும் தளங்கள், விமானத் தொழிற்சாலைகள், அரசு அலுவலகங்கள் என்று வேலை கிடைத்த இடங்களில் அவர்கள் ஒதுங்கினார்கள். நகரத்தார் அவர்களை 'ஹில்பில்லி' என்று ஏளனம் செய்தார்கள். வாரக்கூலி கையில் கிடைத்த இரவுகளில் அம்மக்கள் கூடிய மதுக்கூடங்களில்தான் ஊரின் பாட்டு திரும்ப ஒலித்தது. நாகரிகமான சூழல் என்று சொல்ல முடியாது. சண்டையும் உடைந்த புட்டிகளும் அன்றாடம். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கக் குடும்பமொன்றிலிருந்து பால்டிமோருக்கு வந்து தொழிற்சாலைகளில் வேலை செய்த ஹேஸல் டிக்கென்ஸ் அப்படிப்பட்ட கூடங்களில்தான் பாடிப் பழகினார். 1960களில் ஆலிஸ் ஜெரார்டுடன் இணைந்து ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த பாடல்கள், ஆண்களின் கோட்டையாக இருந்த ப்ளூகிராஸில் பெண்குரலுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டன. அவருடைய கதை தனிக்கட்டுரைக்கு உரியது. ஆனாலும் இந்தக் கட்டுரையில் அவர் மீண்டும் ஒருமுறை தலைகாட்டுவார்.

1957 ஜூலை 4. பஸ் பஸ்பி என்ற மாண்டலின் கலைஞரின் குழுவினர் கார் விபத்தில் காயமுற்றுப் படுத்துவிட்டனர். வர்ஜீனியாவின் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸில் இருந்த ஒரு மதுக்கூடத்தில் அவர்கள் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியை விட்டுவிடக் கூடாதென்று அவசரமாகத் திரட்டப்பட்ட மாற்றாட்கள்தான் 'கன்ட்ரி ஜென்டில்மென்' குழுவானார்கள். பெயரிலேயே ஒரு பிரகடனம் உண்டு: நாங்கள் மலைவாசிகள் அல்லர், கனவான்கள். மாண்டலினும் உச்சஸ்தாயிக் குரலும் ஜான் டஃபியுடையவை. மலைநாட்டுக்காரரல்ல அவர். வாஷிங்டனிலேயே 1934இல் பிறந்தவர். தந்தை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பாடியவர். மன்றோவின் மாண்டலினைப் போல வாசிக்க வேண்டிய கட்டாயம் தனக்கில்லை என்பதை டஃபி முதலிலிருந்தே உணர்ந்திருந்தார். ஜாஸ் சாயல், திடீர்த் திருப்பம், மேடைக் கேலி என்று எதற்கும் அவர் கூசவில்லை. பயணங்களில் சலித்து, குறிப்பாக விமானப் பயணத்தை வெறுத்து, 1969இல் குழுவிலிருந்து விலகி ஆர்லிங்டனில் இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் அமர்ந்துவிட்டார்.

1971இன் இறுதியில் மேரிலாந்து மாநிலத்து பெத்தெஸ்டாவில், பென் எல்ட்ரிட்ஜ் என்பவரின் வீட்டு நிலவறையில் ஐந்து பேர் கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். எல்ட்ரிட்ஜ் கணிதவியலாளர், பான்ஜோ அவருடையது. ஜான் ஸ்டார்லிங் வியட்நாம் போரில் பணியாற்றிய ராணுவ அறுவை மருத்துவர். கிடாரும் முதன்மைக் குரலும் அவருடையவை. மைக் ஆல்ட்ரிட்ஜ் 'வாஷிங்டன் ஸ்டார்' நாளிதழில் வரைகலைஞர். டோப்ரோ எனப்படும் உலோகத் தட்டு பொருத்திய கிடாரை மடியில் கிடத்தி வாசிப்பவர். டாம் கிரே நேஷனல் ஜியாக்ரஃபிக் நிறுவனத்தில் நிலப்படம் வரைபவர், பாஸ் வாசித்தார். ஐந்தாமவர் டஃபி. கிரேயும் டஃபியும் கன்ட்ரி ஜென்டில்மெனில் சேர்ந்து வாசித்தவர்கள். வாரத்துக்கு ஓர் இரவு, அதுவும் உள்ளூரில், என்பது இந்த ஐவரின் ஏற்பாடு. சீட்டாடப் போவதற்குப் பதிலாகப் பாடப் போகிறோம் என்ற அளவிலேயே அவர்கள் அதை வைத்துக்கொண்டார்கள். கன்ட்ரி ஜென்டில்மெனின் சார்லி வாலர் இதைக் கேள்விப்பட்டு, அப்படியானால் அரிதாகவே கண்ணில் படுபவர்கள் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று கிண்டலடித்தாராம். ஆங்கிலத்தில் 'காணப்பட்டவர்' என்பதற்கும் 'காட்சி' என்பதற்கும் ஒலி ஒன்றே. எழுத்தை மாற்றிப் பெயராக்கிக்கொண்டார்கள்.

பெத்தெஸ்டாவின் ரெட் ஃபாக்ஸ் விடுதியில் 1972இலிருந்து அவர்களுடைய வாராந்தரக் கச்சேரிகள் நடந்தன. கூட்டம் மாறியிருந்ததைக் கவனிக்க வேண்டும். முன்வரிசையில் இப்போது வழக்கறிஞர்களும் அரசு அதிகாரிகளும் மாணவர்களும் அமர்ந்திருந்தார்கள். இந்தக் கூட்டத்தைத் தயார்செய்தவை இரண்டு. 1966இல் உள்ளூர் ஆர்வலர்கள் சிலர் 'ப்ளூகிராஸ் அன்லிமிடெட்' என்ற இதழை ஸ்டென்சிலில் உருட்டியெடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். (சிற்றிதழ்களோடு பழகியவர்களுக்கு அந்த மையின் வாசனையை நாம் விளக்க வேண்டியதில்லை.) அடுத்த ஆண்டே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையமான டபிள்யூ.ஏ.எம்.யூ. ப்ளூகிராஸ் ஒலிபரப்பில் இறங்கியது. கேட்பவன் உருவான பிறகே இந்தக் குழு மேடையேறிற்று என்பது நமது கணிப்பு.

அவர்கள் என்ன பாடினார்கள்? மன்றோவும் உண்டு, ஜேம்ஸ் டெய்லர், ஸ்டீவ் குட்மன் போன்ற அக்காலப் பாடலாசிரியர்களின் படைப்புகளும் உண்டு. முதல் இசைத்தட்டான 'ஆக்ட் ஒன்' 1972இல் வந்தது. 1974இன் 'ஓல்ட் ட்ரெயின்' தட்டில் புகழின் வாசலில் நின்றிருந்த லிண்டா ரான்ஸ்டாட் குரல் கொடுத்தார். இளம் ரிக்கி ஸ்காக்ஸும் பங்கேற்றார். அவ்வாண்டு டிசம்பரில் ஜார்ஜ்டவுனின் செல்லார் டோர் அரங்கில் பதிவான நேரடி நிகழ்ச்சி அடுத்த ஆண்டு தட்டாக வெளிவந்தது. ஒரே ஒரு தட்டைக் கேட்க நேரமுள்ளவர்களுக்கு நாம் பரிந்துரைப்பது அதைத்தான். டஃபியின் குரல் முகட்டைத் தொட்டு நிற்கிறது. ஸ்டார்லிங்கின் குரல் அதன் கீழே நிதானமாக நடக்கிறது. ஆல்ட்ரிட்ஜின் டோப்ரோ இரண்டுக்குமிடையே நீராய் வழிகிறது. பாட்டுக்கு நடுவே டஃபியின் நக்கலும் பதிவாகியிருக்கிறது. நுனி வெட்டித் தட்டையாக்கிய முடியும் கண்ணைப் பறிக்கும் சட்டையுமாக நின்று கூட்டத்தைச் சீண்டுவது அவர் வழக்கம்.

எழுபதுகளின் பிற்பகுதியில் வியாழக்கிழமை பர்ச்மியருக்கு இடம்பெயர்ந்தது. கேரி ஓல்ஸி என்பவர் 1966இல் வர்ஜீனியாவில் தொடங்கிய சாதாரண உணவகம் அது. இசை நடக்கும்போது பேசாதீர்கள் என்று விருந்தினரிடம் கண்டிப்பாகக் கேட்டுக்கொண்ட இடம் என்பதே அதன் புகழ். புட்டி உடையும் கூடத்திலிருந்து மூச்சடக்கிக் கேட்கும் கூடத்துக்கு ஒரு தலைமுறைக்குள் வந்து சேர்ந்தது ப்ளூகிராஸ்.

வழக்கு இங்கேதான் எழுகிறது. இது இசைக்குக் கிடைத்த மரியாதையா, அல்லது அதைப் பெற்ற மக்களிடமிருந்து பறித்துச் சென்றதா? செல்டம் சீனின் மழமழப்பில் மண்வாசனை போய்விட்டதென்று பழமைவாதிகள் அன்றே குறைகூறினார்கள். அக்குறையை நாம் முழுதாக ஏற்கவில்லை. நாஷ்வில் நிறுவனங்களின் விருப்பத்துக்கு வளையாமல், எந்தப் பாட்டை வேண்டுமானாலும் எடுத்துப் பாடும் துணிவு இவர்களுக்கு இருந்தது. ஆனால் அந்தத் துணிவுக்கு மாதச் சம்பளம் பின்பலமாக நின்றது என்பதையும் மறைக்கலாகாது. ஹேஸல் டிக்கென்ஸுக்கும் பகல் வேலை இருந்தது. அது தொழிற்சாலை வேலை, கடை வேலை. பாட்டை வாரத்துக்கு ஓர் இரவு என்று அளந்து வைத்துக்கொள்ளும் சுதந்திரம் ஒரு மருத்துவருக்குப் பொருந்திய மாதிரி அவருக்குப் பொருந்தவில்லை. இருவரும் விரும்பிப் பாடியவர்கள்தாம். ஒருவருக்கு அது ஓய்வு, இன்னொருவருக்கு அது சாட்சியம். இரண்டும் ஒரே நகர எல்லைக்குள் நிகழ்ந்தன என்பதே இந்த வரலாற்றின் சுவாரஸ்யம் என்று நமக்குப் படுகிறது.

பொழுதுபோக்கு என்ற ஏற்பாடும் அவ்வளவு எளிதாக நீடிக்கவில்லை. புகழ் வளர வளர வெளியூர் அழைப்புகள் பெருகின. மருத்துவத் தொழிலுக்காக 1977இல் ஸ்டார்லிங் விலகினார். பத்தாண்டு கழித்து கிரே வெளியேறினார். 1990களின் நடுவே ஆல்ட்ரிட்ஜும் வேறு இருவரும் பிரிந்து 'செசபீக்' என்ற குழுவைக் கண்டார்கள். முழுநேரமும் வாசிக்க வேண்டும் என்ற வேட்கை அவர்களுக்கு. டஃபியும் எல்ட்ரிட்ஜும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார்கள். 1996 செப்டம்பரில் மன்றோ காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் டஃபியும் மாரடைப்பால் மறைந்தார், வயது 62.

அதன்பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லலாம். குழு கலையவில்லை. வார நாட்களில் ஒலித்த ப்ளூகிராஸை டபிள்யூ.ஏ.எம்.யூ. 2001இல் நிறுத்திச் செய்திகளுக்கு நேரம் ஒதுக்கியபோது நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். பலனில்லை. ஆல்ட்ரிட்ஜ் 2012இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுரிமை விருதைப் பெற்று, அவ்வாண்டு டிசம்பரிலேயே மறைந்தார். 2014இல் தொடக்ககால ஐவரும் ப்ளூகிராஸ் புகழவையில் சேர்க்கப்பட்டார்கள். நிலவறைக்குச் சொந்தக்காரரான எல்ட்ரிட்ஜ் 2016 வரை அந்தப் பான்ஜோவைக் கீழே வைக்கவில்லை, 2024இல் காலமானார். அவருடைய மகன் கிறிஸ் 'பஞ்ச் பிரதர்ஸ்' குழுவில் கிடார் வாசிக்கிறார். அவருக்கு இசை முழுநேரத் தொழில்.

பர்ச்மியர் 1997இல், அலெக்சாண்ட்ரியாவின் மவுண்ட் வெர்னன் சாலையிலேயே இன்னும் பெரிய அரங்குக்கு மாறியது. அந்த மேடையில் டஃபி பாடியதில்லை.