கண்மணியின் கருமை

கண் மருத்துவரிடம் சென்று வந்தவர்கள் அந்தச் சில நொடிகளை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அறையின் விளக்குகள் அணைக்கப்படுகின்றன. மருத்துவர் கைக்கு அடக்கமான ஒரு சிறு கருவியைத் தம் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, நம் மூச்சு அவர்மீது படும் அளவுக்கு நெருங்கி வருகிறார். மெல்லிய ஒளிக்கதிர் ஒன்று நம் கண்ணுக்குள் நுழைகிறது. "தூரத்தில் பாருங்கள், அசையாதீர்கள்" என்கிறார். நாம் காண்பது கூசும் ஒளியை மட்டுமே. அவர் காண்பதோ நம் விழியின் அடித்தளத்தை: செம்மை படர்ந்த விழித்திரை, அதில் மரக்கிளைபோல் பிரிந்தோடும் குருதி நாளங்கள், மூளையை நோக்கிச் செல்லும் பார்வை நரம்பின் வட்டமான முகப்பு. உடலில் கத்தி படாமலேயே குருதி நாளங்களையும் நரம்பின் முனையையும் ஒருசேர நேரே காண வாய்ப்பளிக்கும் சாளரம் அது.

'ஆப்தல்மாஸ்கோப்' என்னும் இக்கருவியை இன்று எந்த மருத்துவரும் வியப்பின்றி எடுத்துப் பயன்படுத்துகிறார். ஆனால் 1850ஆம் ஆண்டுவரை மருத்துவ உலகத்துக்கு மனிதக் கண்ணின் உட்புறம் பூட்டிய அறையாகவே இருந்தது. அந்தப் பூட்டுத் திறக்கப்பட்ட வரலாற்றில் நம் ஆன்மிக வாழ்வுக்கும் உரிய ஒரு பாடம் உண்டு என்று எண்ணுகிறோம்.

அக்கால ஜெர்மானிய மருத்துவர்கள் பார்வை இழப்பை நிறங்களால் பெயரிட்டு அழைத்தனர். கண்மணியில் வெண்மை படர்ந்தால் அது 'சாம்பல்' நோய். நாம் கண்புரை என்பது அதுவே. இன்று கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய்க்குப் 'பச்சை' என்று பெயர். கண்மணி எவ்வித மாற்றமுமின்றிக் கருமையாய், நலமுள்ளவரின் கண்மணி போலவே இருந்தும் பார்வை அற்றுப்போயிருந்தால் அதனைக் 'கறுப்பு' நோய் என்றனர். காரணம் தெரியாத குருட்டுத்தன்மை எல்லாவற்றையும் இப்பெயரின்கீழ்ப் போட்டு மூடினர். நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, அவரைச் சோதிக்கும் மருத்துவருக்கும் ஒன்றும் தெரியாது. இதுவே அந்நோயின் இலக்கணம் என்று மருத்துவர்களே கசப்போடு நகையாடினர்.

கண்மணி ஏன் கருமையாய்த் தெரிகிறது? கண்ணின் உட்சுவரில் கருநிறப் பொருள் பூசியுள்ளது; அது உள்ளே புகும் ஒளி முழுவதையும் விழுங்கிவிடுகிறது; எனவே வெளியே எதுவும் திரும்பி வருவதில்லை. அக்காலத்தில் பலரும் ஏற்றிருந்த விடை இது. கருமை நோக்கப்படும் கண்ணின் இயல்பு என்று கொள்ளப்பட்டது. நோக்குகிறவரிடத்தில் குறை இருக்கலாம் என்று நினைத்தவர் சிலரே.

ஐயத்தை எழுப்பும் சான்றுகள் இல்லாமல் இல்லை. இருளில் பூனையின் கண்கள் ஒளிர்வதை யார்தான் கண்டதில்லை? 1704இல் பிரான்சு நாட்டு மெரி என்பவர், நீரில் அமிழ்த்தப்பட்ட பூனையின் கண்ணுக்குள் குருதி நாளங்கள் தெரிவதைக் கண்டு எழுதினார். 1823இல் செக் அறிஞர் யான் புர்க்கின்யே, குழிவில்லைக் கண்ணாடியின் உதவியால் ஒளியைச் செலுத்தி, நாயின் கண்ணையும் பின்னர் மனிதக் கண்ணையும் ஒளிரச் செய்தார். இவர் இளமையில் பியாரிஸ்டு துறவற சபையாரிடம் கல்வி கற்று, அச்சபையில் சேர்ந்து, குருத்துவம் பெறுமுன் விலகி அறிவியலுக்கு வந்தவர். அவர் இலத்தீனில் எழுதிய குறிப்பை அன்று கவனிப்பார் இல்லை. 1846இல் இங்கிலாந்தில் கம்மிங் என்பவரும், 1847இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் புரூக்கெயும் தகுந்த கோணத்தில் நின்றால் மனிதக் கண்ணும் செந்நிறமாய் ஒளிரும் என்று காட்டினர். கணிப்பொறியின் முன்னோடி எனப் போற்றப்படும் சார்லஸ் பாபேஜ், அதே 1847இல் கண்ணுக்குள் நோக்கும் கருவி ஒன்றைச் செய்து ஒரு கண் மருத்துவரிடம் காட்டினார். அதன் அருமையை அவர் உணரவில்லை, கருவியும் மறக்கப்பட்டது. கதவின் கைப்பிடியைப் பலர் தொட்டனர். திறந்து உள்ளே நுழைந்தவர் எவருமில்லை.

அப்பேறு 29 வயது இளைஞர் ஒருவருக்குக் கிட்டியது. அவர் பெயர் எர்மான் எல்ம்ஹோல்ட்ஸ். 1821இல் போட்ஸ்டாம் நகரில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இயற்பியல் கற்க விரும்பினார். தந்தையின் வருவாய் அதற்கு இடந்தரவில்லை. எனவே படைமருத்துவராகப் பணியாற்றும் உறுதிமொழியோடு, அரசு செலவில் மருத்துவம் பயின்றார். விரும்பியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. ஆயினும் இறைவனின் திட்டத்தில் வீணாகும் வழி ஏது? இயற்பியலை நேசித்த மருத்துவராக அவர் இருந்ததாலேயே பின்னர் இக்கருவி பிறந்தது.

1849இல் அவர் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். மறு ஆண்டு, கண் ஒளிர்வது எவ்வாறு என்று நண்பர் புரூக்கெ கண்டதை மாணவர்களுக்கு விளக்கப் பாடம் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அப்போது அவருள் ஓர் எளிய வினா எழுந்தது: கண்ணிலிருந்து திரும்பி வரும் அந்த ஒளிக்கதிர்கள் எந்த உருவத்தைச் சுமந்து வருகின்றன? நண்பர் கேட்கத் தவறிய வினா இதுவே.

விடையைத் தேடியபோது கருமையின் மறைபொருள் விளங்கியது. விளக்கிலிருந்து கண்ணுக்குள் செல்லும் ஒளி, விழித்திரையில் பட்டு, வந்த வழியே திரும்பி அவ்விளக்கையே அடைகிறது. அதைக் காண வேண்டுமானால் விளக்கு இருக்கும் இடத்தில் நம் கண் இருக்க வேண்டும். ஆனால் அங்கே நாம் தலையை வைத்ததும் ஒளி மறைக்கப்பட்டு விடுகிறது. நம் தலையின் நிழலே எதிரே உள்ளவரின் கண்மணியை நிரப்புகிறது. இத்தனை நூற்றாண்டுகளாய் மருத்துவர்கள் நோயாளியின் கண்ணில் கண்ட கருமை, பெரும்பகுதி அவர்கள் தாமே ஒளியை மறித்து நின்றதால் விளைந்த கருமை!

தீர்வும் எளிதாகவே அமைந்தது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தார். நோயாளியின் கண்ணுக்கும் தம் கண்ணுக்கும் இடையே மெல்லிய கண்ணாடித் தகடுகளைச் சாய்வாக நிறுத்தினார். விளக்கின் ஒளி தகட்டில் பட்டுத் திரும்பி நோயாளியின் கண்ணுக்குள் சென்றது; உள்ளிருந்து மீண்ட ஒளியில் ஒரு பகுதி அதே தகட்டை ஊடுருவி அவரது கண்ணை வந்தடைந்தது. உருவம் தெளிவதற்கு ஒரு குழிவில்லையைச் சேர்த்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடி வில்லைகள், நுண்ணோக்கிக்குப் பயன்படும் மெல்லிய கண்ணாடித் துண்டுகள், அட்டை, பசை: இவ்வளவே முதற்கருவியின் உறுப்புகள். ஏறத்தாழ எட்டு நாள்கள் முயன்றும் தோற்றும் மீண்டும் முயன்றார். இது இயலும் என்று கோட்பாடு உறுதியாய்ச் சொல்லியிராவிட்டால் இடையிலேயே கைவிட்டிருப்பேன் என்று முதுமையில் நினைவுகூர்ந்தார். முடிவில் உயிருள்ள மனித விழித்திரை அவர் முன் விரிந்தது.

1850 டிசம்பர் 17ஆம் நாள் அவர் தம் தந்தைக்கு இச்செய்தியை மகிழ்வோடு எழுதினார். கண்ணொளிக்காக நம் மக்கள் மன்றாடும் புனித லூசியாவின் திருநாள் டிசம்பர் 13. அத்திருநாள் கழிந்து நான்காம் நாள் அந்த மடல் எழுதப்பட்டது என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. 1851இல் கருவியின் விளக்கம் சிறு நூலாக வெளிவந்தது. 'கண் ஆடி' என்ற பொருள்பட ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயரிட்டார். ஆடி என்பது தமிழிலும் பழஞ்சொல் அன்றோ!

புதியதை எல்லாரும் வரவேற்றுவிடவில்லை. நோயுற்ற கண்ணுக்குள் ஒளியை நேரே செலுத்துவது தீங்கு என்று மறுத்தார் மருத்துவர் ஒருவர். பார்வை குன்றிய மருத்துவர்களுக்கு வேண்டுமானால் இது உதவலாம், எனக்கு நல்ல கண்கள் உள்ளன என்றார் மற்றொருவர். தமக்குப் பார்வை உண்டு என்ற நம்பிக்கையே சிலரைக் குருடராக்குவதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் நாம் படித்ததில்லையா?

ஆனால் பெர்லினில் ஒருவர் இதன் மதிப்பை உடனே உணர்ந்தார். 1828இல் பிறந்த ஆல்பிரெக்ட் கிரேஃபே அன்று இருபத்து மூன்று வயதினர். ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்த தம் கண் மருத்துவமனையில் இக்கருவியை இடைவிடாது பயன்படுத்தினார். 'கறுப்பு' நோய் என்ற ஒற்றைப் போர்வைக்குள் மறைந்து கிடந்த வெவ்வேறு நோய்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. விழித்திரையின் நடுத் தமனி அடைபட்டுத் திடீரெனப் பார்வை போவதை 1859இல் விளக்கினார். மூளையில் கட்டி வளர்ந்து அழுத்தம் மிகும்போது பார்வை நரம்பின் முகப்பு வீங்குவதை 1860இல் எடுத்துரைத்தார். கண்ணின் வழியே மூளையின் துன்பத்தை அறியும் காலம் பிறந்தது. 1857இல் கிளாக்கோமாவுக்கு அறுவை மருத்துவம் கண்டு, குருடாகவிருந்த பலரைக் காத்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒளி கிடைத்ததாலேயே உண்மை முழுதும் கிடைத்துவிடவில்லை. கிளாக்கோமா நோயில் பார்வை நரம்பின் முகப்பு உள்நோக்கிக் குழிகிறது. ஆனால் 1854இல் அதனைக் கருவியின் வழியே கண்டவர்கள் மேடு என்றே எழுதினார்கள். ஒற்றைக் கண்ணால் நோக்கும்போது பள்ளமும் மேடும் மயங்குவது இயல்பு. கிரேஃபேயும் அவ்வாறே பிழைபட்டார். அடுத்த ஆண்டிலேயே தம் பிழையை ஏற்றுத் திருத்திக்கொண்டார். பெயர் பெற்ற பின்னும் தாம் கண்டது தவறு என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. காசநோயால் 1870இல் தம் 42ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கருவியும் வளர்ந்தது. 1852இல் கோனிக்ஸ்பெர்க் கருவி வினைஞர் ரெக்கோஸ், பல வில்லைகள் பதித்த சுழலும் தட்டை அதில் இணைத்தார். இன்றும் மருத்துவரின் சுட்டுவிரல் உருட்டுவது அத்தட்டின் வழித்தோன்றலையே. அதே ஆண்டில் ரூட்டெ என்பவர் நடுவில் துளையுள்ள குழியாடியைப் பயன்படுத்தினார். 1885இல் டென்னட் மின்விளக்கைச் சேர்த்தார். பின்னர் கைப்பிடிக்குள்ளேயே மின்கலம் குடிபுகுந்தது. சர்க்கரை நோயும் குருதி அழுத்தமும் விழித்திரையில் விட்டுச்செல்லும் தடங்களை இன்று படம்பிடிக்கும் இயந்திரங்கள் உள்ளன. எனினும் நோயாளியின் படுக்கையருகே சென்று குனிந்து நோக்க இச்சிறு கருவி இன்றும் உதவுகிறது.

1886இல் ஐடல்பெர்க் நகரில், கிரேஃபேயின் பெயரால் நிறுவப்பட்ட பதக்கம் முதன்முதலாக எல்ம்ஹோல்ட்சுக்கு வழங்கப்பட்டது. அவர் தம் ஏற்புரையில் ஓர் உவமை சொன்னார். கிரேக்கச் சிற்பி பிதியாசுக்கு உறுதியான உளி செய்து கொடுத்த கொல்லன் ஒருவன் இருந்தான் எனக் கொள்வோம். சிலையின் பெருமை உளி கொடுத்தவனுக்கா, சிற்பிக்கா? தாம் அக்கொல்லனே என்பதுதான் அவர் கருத்து. உலகமே புகழ்ந்த அறிஞர், பாராட்டின் ஒளி பிறர்மேல் விழுமாறு தாம் சற்று விலகி நின்றார். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தவருக்கு அது இயல்பாகவே கைவந்தது போலும்.

நம் இல்லங்களையும் பங்குகளையும் சற்று நினைத்துப் பார்ப்போம். "அவன் மனம் இருண்டது", "அவளைப் புரிந்துகொள்ளவே முடியாது" என்று எத்தனை பேரைப்பற்றித் தீர்ப்பிட்டிருக்கிறோம்! பேசாமல் ஒதுங்கும் மகன், திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்ட அண்டை வீட்டார், நீண்ட நாள் பகை கொண்ட உடன்பிறப்பு: இவர்களிடம் நாம் காணும் இருளில் எவ்வளவு அவர்களுடையது, எவ்வளவு நம் தலையின் நிழல்? பிறர் கண்ணின் துரும்பை எடுக்குமுன் தன் கண்ணின் மரக்கட்டையை அகற்றச் சொன்ன ஆண்டவர், நாம் ஒளியை மறித்து நிற்பதை அறிந்தே சொன்னார் என்று தோன்றுகிறது.

கண்ணை நோக்கும் மருத்துவரிடம் இன்னொரு நுட்பமும் உண்டு. கடுமையான ஒளியைப் பாய்ச்சினால் கண்மணி சுருங்கிக் கதவை அடைத்துக்கொள்ளும். எனவே அவர் அறையை இருட்டாக்கி, அந்த இருளில் தாமும் அமர்ந்து, மெல்லிய ஒளியோடு மூச்சுப் படும் தொலைவுக்கு நெருங்கி வருகிறார். தொலைவில் நின்று எவர் கண்ணுக்குள்ளும் நோக்க இயலாது. மனிதரின் உள்ளத்துக்குள் நோக்கவும் அதைவிட எளிய வழி இருப்பதாக நாம் அறியவில்லை.