ஜின் குடித்த லண்டன்

ஹோகார்த் 1751-ல் வெளியிட்ட 'ஜின் சந்து' படத்தில், கைக்குழந்தை நழுவி விழுவதுகூடத் தெரியாமல் ஒரு தாய் போதையில் மூக்குப்பொடி எடுக்கிறாள். மிகையல்ல. 1734-ல் ஜூடித் டெஃபோர் என்ற பெண், ஏழைகள் விடுதியிலிருந்து தன் 2 வயதுக் குழந்தையை அழைத்துப்போய்க் கொன்று, அதற்குக் கொடுத்திருந்த புதுத்துணியை விற்று ஜின் குடித்தாள். தூக்கில் போட்டார்கள்.

இத்தனைக்கும் ஜின் ஹாலந்துச் சரக்கு. தானியச் சாராயத்தில் ஜூனிப்பர் காயைச் சேர்த்து மறுபடி வடிப்பது. அங்கே அதற்கு ஜெனிவர் என்று பெயர். லண்டன்காரர் வாயில் அது ஜின் ஆயிற்று. ஹாலந்துக்காரரான மூன்றாம் வில்லியம் இங்கிலாந்து அரசரானபின், பிரெஞ்சு பிராந்தியை விரட்டவும் உள்ளூர் தானியம் விலைபோகவும் 1690-ல் சட்டம் போட்டு, காய்ச்சும் தொழிலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். மடையைத் திறந்தது அரசாங்கமே!

வெள்ளம் வந்தபின் அணை கட்டினார்கள். 1736-ல் ஜின் விற்க ஆண்டுக்கு 50 பவுண்டு உரிமக் கட்டணம். பெட்டிக்கடைக்காரன் எங்கே போவான்? கள்ள விற்பனைதான். துப்புக் கொடுத்தவர்களைத் தெருவில் அடித்தார்கள். 1743-ல் சட்டமே போயிற்று.

1751-ல்தான் புத்தி வந்தது: காய்ச்சுபவர் உரிமமில்லாத கடைக்குச் சரக்குத் தரக்கூடாது. 1757-ல் விளைச்சல் பொய்த்து, தானியத்தில் காய்ச்சவே தடை வந்தது. அந்தத் தானியத் தட்டுப்பாடு சட்டங்களைவிட அதிகம் சாதித்தது என்பது என் எண்ணம்.